மதிலும் அணையும்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணோடு கங்கைகொண்டசோழபுரம் போனால் ஏதோ குறைகிறது என்று உடனே தோன்றும். எது என்று பிடிபடக் கொஞ்ச நேரமாகும். தஞ்சையில் இரண்டு வாயில்களைக் கடந்து, திருச்சுற்று மாளிகை நாலாபுறமும் வளைத்த முற்றத்துக்குள் வந்த பிறகுதான் விமானம் முழுசாகக் கண்ணில் விழுகிறது. இங்கே ராஜேந்திரனின் விமானம் சாலையிலிருந்தே தெரிகிறது. தொல்லியல் துறை வளர்த்த புல்தரைக்கு நடுவே, சுற்றிலும் எதுவும் அண்டாமல், தனியாக நிற்கிறது. படமெடுக்க வசதிதான். தஞ்சை விமானத்தின் நேர்கோடுகளுக்குப் பதிலாக உள்வளைந்து மேலேறும் அதன் விளிம்பை எந்தப் பக்கத்திலிருந்தும் தடையின்றிப் பார்க்கலாம். ஆனால் இதைக் கட்டியவர்கள் இதை இப்படித் திறந்த வெளியில் காட்ட நினைக்கவில்லை. இரண்டு அடுக்குத் திருச்சுற்று மாளிகையும் கருங்கல் மதிலும் இதைச் சூழ்ந்திருந்தன. மாளிகையில் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. மதிலில் அதுவும் அநேகமாக இல்லை.

மாலிக் காஃபூரின் படையெடுப்பை இதற்கு இழுக்க வேண்டியதில்லை. மதில் போனது அணைக்கு. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். அதற்கு முன் கொள்ளிடம் ஆண்டுக்காண்டு பள்ளமாகி, காவிரிக்குப் போக வேண்டிய நீரையும் தானே இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முக்கொம்பில் மேலணை கட்டி அதைத் தடுத்தபோது கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதிப் பாசனம் காய்ந்துவிடும் என்ற நிலை. அதைச் சரிக்கட்ட, அணைக்கரையில் கீழணை. கல் வேண்டும். படுகையில் கல் ஏது? வண்டலும் மணலும்தான். சில கிலோமீட்டர் வடக்கே, செதுக்கிச் சதுரமாக்கிய கருங்கல் மலைபோல் அடுக்கிக் கிடந்தது, கேட்பாரில்லாமல்.

கேட்பார் இருந்தார்கள் என்பதுதான் விஷயம். சென்னையில் 1855இல் அச்சான தென்னிந்தியக் கெசட்டியர் ஒன்று இந்தச் சம்பவத்தைப் பதிவுசெய்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் அந்தப் பகுதியை இன்றும் படிக்கலாம். சிற்பங்கள் நிறைந்த கற்களில் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டதையும் மதில் ஏறக்குறைய முழுதாக அழிந்ததையும் சொல்லிவிட்டு, அந்த ஏழை ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்கள் என்கிறது. அந்தக் கோயில்மேல் எந்த உரிமையையும் காட்ட முடியாத அரசாங்கத்தின் ஊழியர்கள்தாம் அதைக் கொள்ளையிட்டார்கள் என்றும் எழுதுகிறது. தடுத்தவர்களுக்குக் கிடைத்தது, அவமதிப்புக்கான தண்டனை. கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்களாம். நிறைவேறவில்லை என்று அதே நூல் வருத்தத்தோடு குறிக்கிறது. கும்பெனி ஆட்சிக் காலத்து வெள்ளைக்காரக் கெசட்டியர் ஒன்றில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் அபூர்வம்.

அந்த ஊர்க்காரர்கள் யார், எத்தனை பேர், என்ன சொல்லித் தடுத்தார்கள் என்பதற்கு அந்த நூலில் ஒரு சொல் இல்லை. சோழ வரலாறு அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. தஞ்சைக் கோயிலைக் கட்டியது ராஜராஜன் என்பதே 1886க்குப் பிறகு கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் கல்வெட்டுகளைப் படித்துச் சொன்ன பின்தான் உறுதியானது. அதுவரை தலபுராணத்துக் கரிகாலன்தான். கலைமதிப்பு, கட்டட வரலாறு, அரிய சான்று என்று இன்று நாம் பத்திரங்களில் எழுதும் எதுவும் அவர்களிடம் இருந்திராது. இருந்தும் ஏதோ ஒன்றை அவர்கள் கண்டிருக்கிறார்கள்: இதை எடுத்துப் போக இவர்களுக்கு உரிமை இல்லை, எடுத்தால் திரும்ப வராது. உலகப் பாரம்பரியம் என்ற பெயரில் இன்று நடக்கும் கூட்டங்களையும் அறிக்கைகளையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்த இரண்டு வாக்கியங்கள்தாம் என்று எனக்குப் படுகிறது.

காட்டனை வில்லனாக்குவது சுலபம், நியாயமில்லை. கோதாவரி மாவட்டங்களில் இன்றும் அவருக்கு மாலை போடுகிறார்கள், சும்மா இல்லை. கீழணையால் பிழைத்த வயல்கள் எத்தனையோ. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது. வீராணம் முதல் பராந்தகன் காலத்து ஏரி, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கியது. 2004 முதல் அந்த ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் வருகிறது. பட்டணத்தில் குழாயைத் திறப்பவர்களில் பலர் ராஜேந்திரனின் மதிலுக்குக் கடன்பட்டவர்கள். அவனே கங்கைநீரைக் கொண்டுவந்து ஊற்றிய சோழகங்கம் என்ற ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று செப்பேட்டில் சொல்லிக்கொண்டவன். மதில் அணையான செய்தி எட்டியிருந்தால் அவன் கோபப்பட்டிருப்பானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாரம்பரியம் பற்றிப் பேசும்போது அழிப்பவன் என்றதும் நமக்குக் கடப்பாரையோடு வரும் மூர்க்கன் ஞாபகம் வருகிறான். பாமியான் புத்தர்களை வெடிவைத்துத் தகர்த்தவர்கள் மாதிரி. அவர்களை எதிர்த்து வாதாட ஒன்றும் தேவையில்லை. உலகமே ஒரு பக்கம் நிற்கும். கஷ்டம், நல்ல காரணத்தோடு வருபவரிடம்தான். சோறு போடுகிறேன், விளக்கு எரிய வைக்கிறேன், பாலம் கட்டுகிறேன் என்று வருபவரிடம் இந்தக் கல்லைத் தொடாதே என்று எந்த வாயால் சொல்வது? ஓர் இடத்துக்கு உலகத் தகுதி வேண்டும் என்று கேட்பதன் பொருள், அப்படிப்பட்டவர் முன்னாலும் நிற்கக்கூடிய ஒரு பதில் அந்த இடத்திடம் இருக்கிறது என்பதுதான். அழகுப் போட்டிப் பட்டியலாக அதை வாசிக்கும்போது இந்த வேலை மறந்துபோகிறது.

உலகப் பாரம்பரிய ஏற்பாடு பிறந்ததே ஓர் அணையால். எகிப்து அதிபர் நாசர் அஸ்வானில் பேரணை கட்ட முடிவெடுத்தார். நைல் பின்தேங்கினால் நூபியாவின் கோயில்கள் மூழ்கும். 1960 மார்ச்சில் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. 1964க்கும் 1968க்கும் இடையில் அபு சிம்பெலின் இரு கோயில்களையும் பெரும் பெரும் துண்டங்களாக அறுத்து, 65 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, ஒரு செயற்கைக் குன்றைக் கட்டி அதில் பொருத்தினார்கள். சுமார் ஐம்பது நாடுகள் பணம் கொடுத்தன. அணை வேலை நிற்கவில்லை, கோயிலும் போகவில்லை. 1836இல் கோயில் அணைக்கு இடம் கொடுத்தது. நூற்றிச் சொச்சம் ஆண்டுகளில் அணைக்காரர்கள் கோயிலையும் கணக்கில் எடுக்க வேண்டிய காலம் வந்தது. இதற்கிடையில் மனிதர்கள் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. எகிப்துக்காரருக்கு மட்டும் சொந்தமில்லாத ஒன்று எகிப்தில் இருக்கிறது என்று சொல்ல ஓர் இடம் உருவாகியிருந்தது, அவ்வளவுதான். 1972இல் அது உடன்படிக்கையாக எழுதப்பட்டது. பட்டா இல்லாதவர்களுக்கும் ஒரு பட்டா.

கணக்கில் ஒரு பெரிய விடுபாடு உண்டு. அதே நீர்த்தேக்கத்துக்காக எகிப்திலும் சூடானிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் நூபியர்கள் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டார்கள். சிலைகளை எண்ணி எண்ணி அறுத்து எண்ணி எண்ணிப் பொருத்திய உலகம் இவர்களுக்காக அப்படி வேண்டுகோள் விடவில்லை. அபு சிம்பெலின் ராம்செஸ் தன் ஆற்றங்கரையிலேயே சற்று மேலே குடியேறினான். நூபியர்களில் ஒரு பகுதியினர் ஆற்றையே விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டதும் பழங்குடிகளும் விவசாயிகளும் முகம் சுளிப்பதற்கு இப்படியான காரணங்கள் இருக்கின்றன.

உடன்படிக்கையின் நடைமுறை விதிகளில் கலாச்சாரத்துக்கு ஆறு, இயற்கைக்கு நான்கு என்று பத்து அளவுகோல்கள். ஒன்றாவது பொருந்த வேண்டும். கோயில்களைவிடக் காட்டுக்குத்தான் இந்த அளவுகோல் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பேன். ஏனென்றால் கோயிலைப் பார்த்து இது வெறும் கல் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நீலகிரியின் புல்வெளியைப் பார்த்து இது வெறும் புல் என்று சொல்ல எதுவும் வேண்டாம்.

அப்படித்தான் சொன்னார்கள். மலைமடிப்புகளில் குட்டையான சோலைக்காடும், மடிப்புகளுக்கு வெளியே மேடு முழுக்கப் புல்லும் என்பது அந்த உயரத்தின் அமைப்பு. பனி விழும் மேட்டில் மரக்கன்று தாங்காது. காட்டை யாரோ வெட்டியதால் புல் வந்தது என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். நீலகிரிச் சதுப்புகளின் கரிச்சேற்றுப் படிவங்களை ஆராய்ந்தபோது 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிந்தது. அதற்குள் காரியம் பெரும்பாலும் முடிந்திருந்தது. தரிசு என்று ஏட்டில் எழுதி, வெள்ளைக்காரர்கள் விறகுக்காகச் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். நாடு விடுதலையான பிறகு நாம் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டு இழைக்காகவும் இன்னும் வேகமாக நட்டோம். இதிலும் வில்லன் கிடையாது. தரிசை விளைவிக்கிறோம் என்ற நல்லெண்ணம்தான். தோடர்களின் எருமைகள் மேய்ந்த, அவர்கள் கோயில் கூரைக்குப் புல் அறுத்த மேடுகள் வரிசை வரிசையாக மரத்தோட்டமாயின. வரையாடு உயரத்திலிருந்த மிச்சப் புல்லுக்கு ஒதுங்கியது. இப்போது சீகையைப் பிடுங்க அரசு செலவு செய்கிறது. பிடுங்கிய இடத்தில் சீகை மறுபடி முளைக்கிறது.

அந்தப் புல்வெளியும் சோலையும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகின்றன. முக்குறுத்திச் சிகரத்தடியில் தொடங்கும் பைக்காரா, மாயாறாகிப் பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில், காவிரி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகி, கீழணையில் வந்து நிற்கிறது. மதில் போன அணைக்கும் மரம் நட்ட மலைக்கும் இடையில் ஒரே தண்ணீர்தான் ஓடுகிறது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது முக்குறுத்தித் தேசியப் பூங்காவும் அவற்றில் ஒன்று. டெல்டா விவசாயிகள் யாரும் அதைக் கொண்டாடியதாகத் தெரியவில்லை. கொண்டாடியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

அந்த 39இல் அமைதிப் பள்ளத்தாக்கும் உண்டு. குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டக் கேரள மின்வாரியம் திட்டமிட்டிருந்த இடம். எழுபதுகளின் பிற்பாதியில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் பள்ளி ஆசிரியர்களும், சுகதகுமாரி போன்ற கவிஞர்களும், விலங்கியலாளர்களும் அதை எதிர்த்தார்கள். மலபாருக்கு மின்சாரம் வேண்டாமா என்ற கேள்வி நிஜமான கேள்வி. பரிஷத்தின் பலம், அதைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துக்கொண்டு, மின்சாரத்துக்கு வேறு வழி என்ன என்று கணக்குப் போட்டு அச்சிட்டதுதான். சிங்கவால் குரங்கு பாவம் என்பதோடு நின்றிருந்தால் தோற்றிருப்பார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு தேசியப் பூங்கா. யுனெஸ்கோ அங்கே வந்து சேர்ந்தது அதற்கும் 28 ஆண்டுகள் கழித்து. பட்டியல் எதையும் காப்பாற்றவில்லை, ஊரார் காப்பாற்றியதற்குப் பின்னால் வந்து கையெழுத்திட்டது என்று இதைச் சொல்லலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கையெழுத்தின் பயன் அடுத்த முறை அணைத் திட்டத்தோடு யாராவது வரும்போது தெரியும்.

பட்டியலில் ஏற்றும் முறையும் ஒன்றும் மாசற்றதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் விண்ணப்பத்தை ஒத்திவைக்கும்படி இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் பரிந்துரைத்திருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் கூடிய குழு அதை ஓரம்கட்டிவிட்டு ஏற்றியது. மலையைப் பற்றிய மாதவ் காட்கில் அறிக்கையை முந்தின ஆண்டே வாங்கி வைத்திருந்த அரசுகள் அதை நடைமுறைப்படுத்தத் துளியும் விரும்பவில்லை, ஆனால் பட்டம் வந்தபோது அறிக்கை விட்டு மகிழ்ந்தன. 2025இல் செஞ்சிக் கோட்டை ஏறியது, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பின் கீழ், மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் 11 உடன் பன்னிரண்டாவதாக. செஞ்சியைக் கோன்களும் நாயக்கர்களும் பீஜப்பூர்க்காரர்களும் ஆண்டதையும், தேசிங்கு ராஜன் கதையை நம் கிராமங்கள் இரவிரவாகப் பாடியதையும் அந்தத் தலைப்பில் தேட வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் எழுதுபவர் ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கிறார், மற்றவை அடிக்குறிப்பாகின்றன.

இறங்கிய இடங்களும் உண்டு. ஓமான் தன் மான் சரணாலயத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியபோது 2007இல் பெயர் நீக்கப்பட்டது. டிரெஸ்டன் 2004இல் ஏறி, எல்பே ஆற்றில் பாலம் வேண்டும் என்று மக்கள் வாக்களித்துக் கட்டத் தொடங்கியதால் 2009இல் இறங்கியது. டிரெஸ்டனுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அங்கே குறைந்தபட்சம் ஊரார் கையில் வாக்குச்சீட்டு இருந்தது.

கங்கைகொண்டசோழபுரம் ஏறியதும் அதே 2004இல்தான். தஞ்சை 1987இலேயே தனியாக ஏறிவிட்டது. பதினேழு ஆண்டு கழித்துத் தாராசுரத்தையும் இதையும் சேர்த்து, வாழும் சோழர் பெருங்கோயில்கள் என்று பெயர் விரிந்தது. வாழும் என்ற அடைமொழியை யுனெஸ்கோ சம்பிரதாயத்துக்காகப் போட்டதாக நான் நினைக்கவில்லை. தஞ்சைக்குள்ளேயே நாயக்கர் நந்தி இருக்கிறது, மராட்டியர் தங்கள் வம்ச வரலாற்றைச் சுவர் நிறையப் பொறித்திருக்கிறார்கள். 2020 குடமுழுக்கின்போது தமிழா சமஸ்கிருதமா என்ற வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், இரண்டிலும் என்று தீர்ப்பாகி வந்தது. கல் ஒரு துறையிடம், பூசை ஒரு துறையிடம், பரம்பரை அறங்காவல் அரண்மனையிடம். இந்தச் சச்சரவு ஒரு தொந்தரவுதான். ஆனால் யாருமே சண்டை போடாத கோயிலை வண்டி வந்தால் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு என் விண்ணப்பத்தையும் வைத்துவிடுகிறேன். கோயில் ஏறிவிட்டது, மலை ஏறிவிட்டது. இரண்டையும் இணைக்கும் நீர் ஏறவில்லை. கல்லணை, காவிரிக் கிளைகள், கீழணை, வடவாறு, வீராணம், சோழகங்கம், இவற்றோடு தொங்கும் நூற்றுக்கணக்கான வாய்க்கால்களும் மதகுகளும் சேர்ந்த ஒரு பாசன நிலம், ஒரே பதிவாக ஏறத் தகுதியானது. இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கலாச்சார நிலக்காட்சி என்ற பிரிவை 1992இல் உண்டாக்கினார்கள். அதன்படி பிலிப்பைன்ஸின் நெல் படிக்கட்டுகள் 1995இலும் பாலித் தீவின் சுபாக் பாசன அமைப்பு 2012இலும் ஏறின. பாலியில் நீர்ப்பங்கீட்டைத் தீர்மானிப்பவை நீர்க்கோயில்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை விவசாயிகளின் சபை அங்கே கூடி முடிவெடுக்கிறது. கோயிலையும் வாய்க்காலையும் பிரித்துப் பதிவுசெய்ய முடியாது என்று உணர்ந்து, சேர்த்தே பதிந்தார்கள். நம்முடையது அதைவிடச் சிக்கலானது: ஒரு சோழன் வெட்டிய ஏரி, இன்னொரு சோழனின் மதிலைப் பெயர்த்து ஒரு வெள்ளைக்காரர் கட்டிய அணை வழியாக நிரம்புகிறது. இப்படி ஒரு பதிவில் கீழணையைக் கொள்ளை என்றும் எழுத வேண்டும், கொடை என்றும் எழுத வேண்டும். தடுத்துத் தண்டனை வாங்கிய ஊராருக்கும் அதில் ஒரு பத்தி உண்டு.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிகிறது. பதிவாகிவிட்டால் ஒரு மதகைக்கூட மாற்ற முடியாது, பாரிஸிலுள்ள யுனெஸ்கோவைக் கேட்க வேண்டும் என்று நீர்வளத் துறைப் பொறியாளர்கள் சொல்வார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், காட்டனின் அதே 1836 மேலணையில் முக்கொம்புக் கொள்ளிடப் பகுதியின் ஷட்டர்கள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. பழசை அப்படியே வை என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்திலேயே புதுக் கதவணை கட்டினார்கள், அதுதான் சரி. பாசனம் என்பது பழுதுபார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. சுபாக்கிலும் மாற்றத் தடை கிடையாது. அங்கே ஆபத்து விடுதிகளுக்கு விற்கப்படும் வயல்களிடமிருந்து வருகிறது; இங்கே ஆற்றிலிருந்து அள்ளப்படும் மணலிலிருந்து. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, மாற்றினால் யாரிடம் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் நிர்வாகத் திட்டம் என்ற பெயரில் யுனெஸ்கோ கேட்கும் காகிதம். கீழணையிலும் ஒருநாள் பழைய கட்டுமானத்தைப் பிரிக்க வேண்டி வரும். அப்போது அடியிலிருந்து சிற்ப வேலைப்பாடுள்ள கருங்கல் கிடைத்தால் அதை எந்தத் துறை பெற்றுக்கொள்ளும், எங்கே கொண்டுபோய் வைக்கும் என்பதற்கு அந்தத் திட்டத்தில் ஒரு பிரிவு வேண்டும்.